பச்சைப் பொடியும் கட்டன் சாயாவும்

தேயிலைத் தோட்டத்து லயங்களில் ‘ரத்தச்சோகை’ என்ற சொல்லை அதிகம் கேட்க முடியாது. ‘ரத்தம் 8 பாயிண்ட்தான் இருக்காம்’ என்பதே பேச்சு. 8 பாயிண்ட் என்றால் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 8 கிராம் ஹீமோகுளோபின். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு அது 12-க்குக் குறையக் கூடாது. 4 பாயிண்ட் குறைந்த உடம்போடு மலைச்சரிவில் கொழுந்து எடுக்க ஏறினால் மூச்சு வாங்கும், கண் இருட்டும். அப்போது யாராவது ஒருவர் யோசனை சொல்வார்: ‘அந்தப் பச்சை மாத்திரையை வாங்கிச் சாப்பிடுக்கா, ரத்தம் ஊறும்.’

பச்சை மாத்திரை என்பது ஸ்பைருலினா. தமிழில் சுருள்பாசி. மருந்துக்கடையில் புட்டியாகவும், கண்காட்சிக் கடைகளில் பொடியாகவும், சத்து உருண்டையாகவும் கிடைக்கிறது. புட்டியின் முதுகில் இருக்கும் வாசகங்களைப் படித்தால் உலகத்தின் பசியே இன்றிரவு தீர்ந்துவிடும் என்று தோன்றும்.

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். ஆனால் இரண்டும் தமிழ்நாட்டைத் தொடுகின்றன. நடுவில் ஆனைமலைத் தொடர் கிடக்கிறது. வடக்கே வாளையார், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், அதற்கு மேலே அட்டப்பாடி. தெற்கே மறையூர், மூணாறு, தேவிகுளம், குமுளி. மலையாளப் பெயர்ப்பலகைகளுக்குக் கீழே தமிழ் பேசும் ஊர்கள். சுருள்பாசியைப் பற்றி எழுத இந்த எல்லையை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்ற இரண்டும் இந்தச் சின்ன நிலப்பரப்பிலேயே தெரிந்துவிடுகின்றன.

முதலில், சுருள்பாசி பாசியே அல்ல. அது ஒரு பாக்டீரியா. சயனோபாக்டீரியா என்ற நீலப்பச்சைக் குலத்தைச் சேர்ந்தது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் காற்றில் ஆக்சிஜனை நிரப்பத் தொடங்கியது இந்தக் குலம்தான். நுண்ணோக்கியில் பார்த்தால் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைப் போலச் சுருண்ட இழை. விஞ்ஞானிகள் அதற்கு ஸ்பைருலினா என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஆர்த்ரோஸ்பைரா என்று மாற்றினார்கள். 2019-இல் உணவு வகைகளை லிம்னோஸ்பைரா என்ற புதுப் பேரினத்துக்குக் கொண்டுபோனார்கள். வியாபாரிகள் எதையும் கண்டுகொள்ளவில்லை. புட்டியில் முதல் பெயரே இருக்கிறது.

கீரை, குளத்துப் பாசி ஆகியவற்றின் செல்லைச் சுற்றிச் செல்லுலோஸ் சுவர் உண்டு. நம் குடலால் அதைச் செரிக்க முடியாது. சுருள்பாசிக்கு அந்தச் சுவர் கிடையாது. உள்ளே இருப்பது சுலபமாக வெளியே வரும். இது அதன் உண்மையான பலம், விளம்பரத்தில் மட்டும் ஏனோ வருவதில்லை.

ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரையின் கானெம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதை வழித்தெடுத்து, மணலில் காயவைத்து, ‘திஹே’ என்ற அடையாகச் சந்தையில் விற்றுவந்தார்கள். 1940-இல் பிரெஞ்சு அறிஞர் டான்ஜார் அதைப் பற்றி எழுதினார், யாரும் கவனிக்கவில்லை. 1960-களில் பெல்ஜியத் தாவரவியலாளர் ழான் லெயோனார் மறுபடி ‘கண்டுபிடித்தார்’. மெக்சிகோவின் டெக்ஸ்கோகோ ஏரியில் அஸ்டெக் மக்கள் இதேபோன்ற ஒன்றைத் தின்றதை ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்தார்கள். இந்தியாவில் மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வகமும், சென்னை தரமணியின் முருகப்பச் செட்டியார் ஆய்வு மையமும் 1970-களிலும் 80-களிலும் இதில் இறங்கின. பெரிய தொழிற்சாலை இல்லாமல் கிராமத்துப் பெண்களே வளர்க்க வேண்டும் என்பது தரமணி மையத்தை நடத்திய பொறியாளர் சி.வி. சேஷாத்ரியின் ஆசை. இன்றைக்கு மதுரையிலும் ஆரோவில்லிலும் புதுக்கோட்டை ஊனையூரிலும் சுருள்பாசிக் குளங்கள் இருக்கின்றன. எல்லையோரக் கடைகளில் தமிழ்நாட்டுப் புட்டிகளைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

இனி 8 பாயிண்ட் கதைக்கு வருவோம். அதற்குக் கூட்டல் பெருக்கல் போதும்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் உலர்ந்த சுருள்பாசியில் 57 கிராம் புரதம், 28 மில்லிகிராம் இரும்பு. இரண்டும் பெரிய எண்கள். பருப்பு வகைகளில் புரதம் 22 முதல் 25 கிராம்தான். ஆனால் 100 கிராம் சுருள்பாசியை யார் சாப்பிடுவது? மாத்திரையாக ஒரு நாளைக்கு 1 முதல் 3 கிராம். பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தவர்களுக்குத் தெரியும், 5 கிராமைத் தாண்டினால் குளத்துக்குள் வாயைத் திறந்தது போல இருக்கும்.

தாராளமாக 3 கிராம் என்று வைத்துக்கொள்வோம். புரதம் 1.7 கிராம். ஒரு கோழிமுட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலையிலும் கிட்டத்தட்ட 6. இரும்பு 0.85 மில்லிகிராம். வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு உணவில் இருக்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் தரும் ஒரு இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம். ஆக, அந்த ஒரு மாத்திரைக்கு ஈடு கட்டச் சுருள்பாசி 210 கிராம் வேண்டும், தினமும். பாசியின் இரும்பு உடம்பில் நன்றாக ஏறுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறட்டும். கணக்கு அப்போதும் கிட்டே வராது.

புட்டிகளின் மேலும் வாட்ஸப்பிலும் அலையும் இன்னொரு வாசகம்: 1 கிலோ சுருள்பாசி 1,000 கிலோ காய்கறிக்குச் சமம், நாசாவே சொல்லிவிட்டது. நெடுந்தூர விண்பயணத்தில் கழிவுக் காற்றை உண்டு உணவு தரும் உயிரியாகச் சுருள்பாசியை நாசா 1980-களில் ஆராய்ந்தது உண்மை. இந்தச் சமன்பாட்டைப் பென்சிலால் சோதித்துப் பாருங்கள். 1 கிலோ சுருள்பாசியில் புரதம் 570 கிராம். 1,000 கிலோ காய்கறியில், நூற்றுக்கு இரண்டே கிராம் என்று வைத்தாலும், 20 கிலோ. இரும்பு இங்கே 280 மில்லிகிராம். அங்கே நூறு கிராமுக்கு 1 மில்லிகிராம் என்றாலே 10,000. வைட்டமின் சி-யைக் கேட்கவே வேண்டாம். எந்தச் சத்தை எடுத்தால் இந்த வாசகம் சரியாகும் என்று நானும் தேடிப் பார்த்தேன். பீட்டா கரோட்டினைத் தவிர வேறெதுவும் பக்கத்தில்கூட வரவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

தோட்டத்துப் பெண்ணின் 8 பாயிண்டுக்கு இன்னொரு காரணம் அவள் பறிக்கும் இலையிலேயே இருக்கிறது. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பாலிஃபீனால்கள், சோறு, பருப்பு, கீரையில் இருக்கும் இரும்பைக் குடலிலேயே பிடித்துக் கட்டிவைத்துவிடும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் ஒரு டம்ளர் டீ, அந்தச் சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுக்கும் இரும்பைப் பாதிக்கும் கீழே தள்ளக்கூடும் என்பது பல ஆய்வுகளில் அளந்து பார்த்த சங்கதி. பால் சேர்க்காத கட்டன் சாயாவும் அப்படித்தான். மலைக் குளிரில், தூக்குவாளிச் சோற்றோடு, கட்டன் சாயா இல்லாமல் என்ன செய்வது என்று கேட்டால் நியாயமான கேள்விதான். சாயாவை விட வேண்டியதில்லை, ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் போதும். சோற்றோடு ஒரு நெல்லிக்காய்த் துண்டோ எலுமிச்சைச் சாறோ இருந்தால், வைட்டமின் சி அதே இரும்பை உள்ளே இழுத்துவிடும். மறையூர்ச் சர்க்கரையில், அதாவது 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த வெல்லத்தில், இரும்பு இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, அதையும் கிலோக் கணக்கில் யாரும் தின்பதில்லை.

2015 செப்டம்பரில் மூணாற்றில் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை ஓரங்கட்டிவிட்டுத் தாங்களே பேசினார்கள். அப்போது நாள்கூலி 232 ரூபாய். கேட்டது 500. பேச்சுவார்த்தை முடிந்து கிடைத்தது 301. இந்த 69 ரூபாய் எந்தச் சத்துணவுப் புத்தகத்திலும் வராது. நான் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு புட்டிச் சுருள்பாசிக்குப் போகும் சில நூறு ரூபாய் முட்டையாகவும் கடலையாகவும் நெத்திலியாகவும் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதே அந்தக் கூலிக் கணக்கின் சத்துணவு அர்த்தம்.

அட்டப்பாடியின் கதை வேறு. அகளி, ஷோளையூர், புதூர் என்று மூன்று பஞ்சாயத்துகள். இருளர், முடுகர், குறும்பர் பழங்குடிகள் வாழும் நூற்றுச் சொச்சம் ஊர்கள். 2012, 2013-இல் அங்கே கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. தாய்மார்களின் சத்துக்குறைவும் ரத்தச்சோகையும் எடை குறைந்த பிரசவங்களும் முன்னுக்கு வந்தன. பெண் வாழ்வுக் குறியீடுகளில் முதலிடம் என்று பெயரெடுத்த மாநிலத்துக்கு அது பெரிய தலைகுனிவு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் கேரளப் பெண்களில் ரத்தச்சோகை 36 சதவீதம், தமிழ்நாட்டில் 53 சதவீதம். மாநிலச் சராசரி என்பது மலையூர்களின் மேல் போர்த்திய வேட்டி மாதிரி. உள்ளே இருப்பது தெரியாது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் சுருள்பாசி ஏற்றது என்று தோன்றும். ஆனால் அட்டப்பாடியில் காணாமல் போனது ஒரு கிராம் பொடி இல்லை, ஒரு தட்டுச் சோறு. மலைச்சரிவில் ராகியும் சாமையும் தினையும் துவரையும் அவரையும் கலந்து விதைத்த நிலம் கைமாறியது, சுருங்கியது. அந்த இடத்தை ரேஷன் அரிசி பிடித்தது. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய அரிசியில் அதில் ஒரு சிறு துளி. சாப்பாட்டின் அளவு கிலோவில் குறைந்திருக்கும்போது கிராமில் பதில் சொல்ல முடியாது. அரசும் கடைசியில் அந்த வழிக்குத்தான் வந்தது: பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீ வழியாக ஊர்ச் சமையலறைகள், பிறகு சிறுதானியத்தைத் திரும்ப விதைக்க ஒரு திட்டம். கேரள அங்கன்வாடிகளில் கைக்குழந்தைகளுக்குத் தரும் ‘அமிர்தம்’ பொடியும் இந்த ரகமே. கோதுமை, சோயா, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சர்க்கரை. வாயில் வைத்தால் குழந்தை துப்பாது. சத்துணவில் இது சின்ன விஷயம் இல்லை.

அட்டப்பாடியில் இன்னொரு சிக்கல் உண்டு, அது அரிவாள் செல் நோய். அதில் சிவப்பணு பிறவியிலேயே வளைந்து சீக்கிரம் உடைகிறது. ஹீமோகுளோபின் குறையும், ஆனால் இரும்பு குறைந்ததால் அல்ல. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு இரும்பு தேங்கிப்போவதே ஆபத்து. அவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தருவது ஃபோலிக் அமிலம். ‘ரத்தம் ஊறும்’ என்று எல்லாருக்கும் ஒரே மாத்திரையை நீட்டுபவர், அது இரும்பானாலும் பாசியானாலும், எந்த ரத்தம், ஏன் குறைந்தது என்று கேட்காமல் நீட்டுகிறார். அரசே 2023 ஜூலையில் அரிவாள் செல் ஒழிப்புக்கு நாடு முழுவதும் ஓர் இயக்கம் தொடங்கிப் பரிசோதனையில் இறங்கியது இதனால்தான்.

சரி, சுருள்பாசிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. கிராமில் போதுமான சத்துகள், மில்லிகிராமில் போதுமான சத்துகள், மைக்ரோகிராமில் போதுமான சத்துகள் என்று உண்டு. சுருள்பாசி ஜெயிக்கும் இடம் அந்தக் கடைசி வரிசை.

வைட்டமின் ஏ-யை எடுங்கள். பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் தேவை சில நூறு மைக்ரோகிராம். பதமாக உலர்த்திய நல்ல சுருள்பாசி ஒரு கிராமில் ஒன்றிரண்டு மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கும். உடம்பு அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். சீனாவில் பெரியவர்களிடம் அளந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சுருள்பாசியின் பீட்டா கரோட்டின் நாலரைப் பங்குக்கு ஒரு பங்கு வைட்டமின் ஏ கிடைத்தது. கீரை, காய்களுக்குப் பொதுவாக வைக்கும் கணக்கு 12-க்கு 1. செல்லுலோஸ் சுவர் இல்லாததன் லாபம் இங்கே தெரிகிறது. 2 மில்லிகிராமில் இருந்து 400 மைக்ரோகிராமுக்கு மேல்: குழந்தையின் ஒரு நாள் தேவை, ஒரு கிராம் பொடியில்.

சேஷாத்ரியின் குழு இதைக் காகிதத்தில் விடவில்லை. புதுக்கோட்டைப் பகுதியில் சுமார் 5,000 சிறு குழந்தைகளுக்கு நாளுக்கு ஒரு கிராம் வீதம் சில மாதங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் ஏ குறைந்தால் கண்ணின் வெண்விழியில் நுரைபோலப் படியும் பிட்டாட் புள்ளிகள் பெருமளவு குறைந்ததாக 1993-இல் வந்த அறிக்கை சொன்னது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இருந்ததா, எப்படித் தேர்ந்தார்கள் என்றெல்லாம் இன்றைய பார்வையில் கேள்வி கேட்கலாம். ஆனால் நடந்தது வேதியியலுக்கு முரணானது அல்ல. முருங்கைக் கீரையும் அதைச் செய்யும் என்று என் அம்மா சொல்லியிருப்பார். சரிதான், குழந்தை தினமும் ஒரு கிண்ணம் கீரை தின்றால்.

ஒரு எச்சரிக்கை இங்கே வேண்டும். நல்ல மாதிரிகளில் 100 கிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் பீட்டா கரோட்டின் என்று ஆய்வுகள் சொல்ல, நான் மேலே சொன்ன அமெரிக்க அட்டவணையில் அது அரை மில்லிகிராம்கூட இல்லை. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. கரோட்டின் வெயிலில் அழியும், காற்றில் அழியும், அலமாரியில் கிடந்தாலே மெல்ல அழியும். மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, கண்ணாடிப் புட்டியில் போட்டு, கடை வாசலில் அடுக்கிவைத்த பச்சைப் பொடியில் அதன் ஒரே பெரிய பலம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று புட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சுருள்பாசி பற்றி உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று கேரளத்திலேயே, வெற்றிலை போடுபவர்களிடம் நடந்தது. கொழிஞ்சாம்பாறையிலும் சரி, மறையூரிலும் சரி, வெற்றிலை போடுவது வயதானவர்களின் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. வேலைக்களைப்புக்கும் பசிக்கும் மருந்து. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையும் சேரும்போது கன்னத்தின் உட்புறத்தில், சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படலம் விழும். லுகோபிளேக்கியா. எல்லாப் படலமும் புற்றுநோயாவதில்லை. சில ஆகின்றன. எது ஆகும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம்.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் பாபு மேத்யூ, ஆர். சங்கரநாராயணன் குழுவினர் இப்படிப் படலம் விழுந்த புகையிலை வெற்றிலைக்காரர்களுக்கு நாளுக்கு ஒரே ஒரு கிராம் சுருள்பாசியை 12 மாதம் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குச் சத்தில்லாத ஒப்பு மாத்திரை. 1995-இல் முடிவு வெளியானது. சுருள்பாசி சாப்பிட்ட 44 பேரில் 20 பேருக்குப் படலம் முழுதாக மறைந்திருந்தது. ஒப்பு மாத்திரைக்காரர்கள் 43 பேரில் 3 பேருக்குத்தான். தற்செயலால் இவ்வளவு வித்தியாசம் வருவது அரிது.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் புட்டியில் அச்சடித்துவிடலாம், அச்சடித்தும் இருக்கிறார்கள். அதே ஆய்வுத்தாளில் இன்னும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, ஒரே சீரான வெள்ளைப் படலம் இருந்த 28 பேரில் 16 பேருக்கு மறைந்தது. புண்ணும் முடிச்சுமாக இருந்த 4 பேரில் ஒருவருக்கும் மறையவில்லை. யாருக்கு அதிகம் பயப்பட வேண்டுமோ அவர்களைப் பாசி தொடவில்லை. இரண்டு, ரத்தத்தில் பீட்டா கரோட்டினோ வைட்டமின் ஏ-யோ கூடவில்லை. அப்படியானால் வேலை செய்தது எது? பாசியின் நீலநிறமியான ஃபைகோசயனினா, வாயிலேயே நேராகப் பட்ட ஏதோ ஒன்றா? ஒரு கிராமில் இத்தனை மாற்றம் நடந்தது எப்படி என்று அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. மூன்று, மாத்திரையை நிறுத்தியபின் ஒரு வருடத்துக்குள், முழுதாகக் குணமான 20 பேரில் 9 பேருக்குப் படலம் திரும்பிவிட்டது.

அந்த 9 எனக்கு 20-ஐ விட முக்கியமாகப் படுகிறது. அதே மையம் இரண்டாண்டு கழித்து வைட்டமின் ஏ-யையும் பீட்டா கரோட்டினையும் தனித்தனியாகச் சோதித்தபோதும் இதே கதை: கொடுக்கும்வரை படலம் பின்வாங்கியது, நிறுத்தியதும் குணமானவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்பியது. படலத்தைத் துரத்தலாம், புகையிலை கன்னத்தில் இருக்கும்வரை அது வாசலிலேயே நிற்கும். சங்கரநாராயணன் குழு பிறகு வேறு ஒரு வேலை செய்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார்கள். 2005-இல் வந்த முடிவு: புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது. ஒரு டார்ச் விளக்கும் பழகிய கண்ணும்தான் கருவி. அதை யாரும் புட்டியில் அடைத்து விற்க முடியாததால் அதற்கு விளம்பரமும் இல்லை.

பாலக்காடு கல்பாத்தி அக்ரஹாரத்துக்கு வந்தால் பேச்சு வைட்டமின் பி12 பக்கம் திரும்பும். தலைமுறைகளாகச் சைவம் சாப்பிடும் தமிழ்க் குடும்பங்கள். தயிர், மோர், காபிக்குப் பால் என்று போகும்வரை ஓரளவு சமாளிக்கலாம். வயதாகி வயிற்றில் அமிலம் குறைந்தவர்களுக்கும், பாலையும் விட்டுவிட்ட பேரப்பிள்ளைகளுக்கும் பி12 குறையும். கால் மரத்துப்போகும், ஞாபகம் தடுமாறும். சைவர்களுக்கு வரப்பிரசாதம் என்று சுருள்பாசிப் புட்டி இங்கேதான் சத்தியம் செய்கிறது.

அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பது சுவையான கதை. உணவில் பி12 எவ்வளவு என்று அளக்க ஒரு பழைய முறை உண்டு: பி12 இல்லாமல் வளராத ஒரு பாக்டீரியாவை அந்த உணவில் வளர்த்து, எவ்வளவு வளர்ந்தது என்று பார்ப்பது. சுருள்பாசியில் அது ஜோராக வளர்ந்தது. ஆகவே பி12 ஏராளம் என்று எழுதினார்கள். 1999-இல் ஜப்பானில் வதனாபே குழுவினர் மூலக்கூறுகளைப் பிரித்துப் பார்த்தபோது, மாத்திரைகளில் இருந்ததில் 83 சதவீதம் பி12-ஐப் போலவே இருக்கும் போலி. உண்மையானது 17 சதவீதம். பாக்டீரியாவின் பூட்டில் இரண்டு சாவியும் திறக்கும். மனிதக் குடலின் பூட்டில் போலிச் சாவி நுழைவதில்லை. ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று வந்த ஒருவர் பச்சை மாத்திரையை நம்பிச் சில வருடம் ஓட்டினால், நரம்பு அந்த வருடங்களைத் திருப்பித் தராது. மருந்துக்கடையின் மெத்தில்கோபாலமின் மாத்திரை போதும்.

சர்க்கரை, கொழுப்பு, ரத்தக்கொதிப்பு பற்றி நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். பரோடாவில் 2001-இல் 25 சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில் நாளுக்கு 2 கிராம் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு மாதத்தில் சர்க்கரை ஓரளவு இறங்கியது. பல நாட்டுச் சிறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கொலஸ்ட்ரால் குறைவதாகச் சொல்கிறார்கள். எல்லாமே சிறு கூட்டம், சில வாரம், சில மாதம். மாரடைப்பு குறைந்ததா, ஆயுள் கூடியதா என்று யாரும் பத்து வருடம் காத்திருந்து பார்க்கவில்லை. ஏற்கெனவே சாப்பிடும் மருந்தை நிறுத்த இவை காரணமாகா.

இனி குளம். சுருள்பாசிக்குப் பிடித்தது 35 டிகிரி வெப்பம். 20-க்குக் கீழே போனால் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆகவே மூணாற்றில் வளராது. பாலக்காட்டுக் கணவாயில், ஏப்ரல் வெயில் 40-ஐத் தொடும் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில், ஜம்மென்று வளரும். தொட்டியில் தண்ணீர், சமையல் சோடா, உப்பு, கொஞ்சம் உரச்சத்து, ஒரு குடம் தாய்ப்பாசி, நாளுக்குச் சில தடவை கலக்கிவிடக் கை. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 கிராம்வரை எடுக்கலாம். துணியில் வடிகட்டிப் பிழிந்து, இடியாப்ப அச்சில் போட்டுப் பிழிந்தால் மெல்லிய பச்சை நூடுல்ஸ். நிழலில் காயவைத்துப் பொடித்தால் சரக்கு. மழைக்காலத்தில் கூரை வேண்டும், இல்லாவிட்டால் கரைசல் நீர்த்துப்போகும்.

நீர்த்துப்போவது மகசூல் பிரச்சினை மட்டும் அல்ல. சுருள்பாசி வாழும் தண்ணீரின் காரத்தன்மை பிஎச் அளவில் 10-ஐ ஒட்டி இருக்கும். வேறு எதுவும் சுலபத்தில் வளராத காரம். அதுவே அதன் கோட்டைச்சுவர். சோடா குறைந்து காரம் இறங்கினால் மற்ற நீலப்பச்சைகள் புகுந்துவிடும். அவற்றில் சில மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சைச் சுரக்கும். கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. காய்ந்த பின் வாசனையிலும் தெரியாது. தினமும் பிஎச் பார்ப்பதும் வாரம் ஒரு தடவை நுண்ணோக்கியில் இழையைப் பார்ப்பதும் செய்யாதவரிடம் பொடி வாங்குவது, கலப்படம் தெரியாத எண்ணெய் வாங்குவது போல. ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களையும் இந்த உயிரி தண்ணீரிலிருந்து உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். ஆகவே கிணற்றுத் தண்ணீர் எந்த ஊர் என்பதும் பொடியின் குணம்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி இதுபோன்ற உணவுத் துணைப்பொருள்களின் மேல் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். புட்டியைத் திருப்பிப் பாருங்கள், எறும்பு எழுத்தில் இருக்கும்.

சுத்தமான சுருள்பாசி பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் தொடக் கூடாது; அதன் புரதத்தில் இருக்கும் ஃபீனைல்அலனின் அவர்களுக்கு விஷம். தன் உடம்பையே தாக்கும் நோய் எதிர்ப்பு உள்ளவர்களுக்கு, லூபஸ் போன்ற நோய்க்காரர்களுக்கு, நோய் கிளறியதாகச் சில பதிவுகள் உண்டு. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். கர்ப்பிணிகளிடம் நம்பிச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் குறைவு.

8 பாயிண்ட் சொன்ன அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. முதலில் எதனால் குறைந்தது என்று ஒரு ரத்தப் பரிசோதனை. இரும்புக் குறைவுதான் என்றால் ஆஷா பணியாளர் கொண்டுவரும் மாத்திரையைத் தூக்கிப் போடாமல் சாப்பிடச் சொல்லலாம். மலம் கறுக்கும், வயிறு கொஞ்சம் முரண்டும், பலர் அதனாலேயே நிறுத்திவிடுகிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் தாங்கும். மாத்திரையையும் சாயாவையும் ஒன்றாக விழுங்க வேண்டாம். மருந்து பிடித்தால் நாலு வாரத்தில் ஒரு பாயிண்ட் ஏறும். அந்த நாலு வாரத்துக்குள் யாராவது பச்சைப் பொடி உருண்டை கொடுத்தால் அதையும் தின்னட்டும், தப்பில்லை. ஏறிய பாயிண்டுக்குப் பாராட்டு பொடிக்குப் போய்விடும், அதைத்தான் தடுக்க முடியாது.